அம்மாவுக்குக் கோஎன்சைம் க்யூ 10: யுபிகுவினோனா, யுபிகுவினாலா?

மலர்விழி, திருப்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. இரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒரு மாத்திரை, கொழுப்புக்கு இரவில் அட்டோர்வாஸ்டாட்டின் 20. சர்க்கரை இல்லை. சமையல், மாடித் தோட்டம் எல்லாம் இன்னமும் அவர் கையில்தான். ஆனால் சில மாதங்களாக, மாடிக்குத் தண்ணீர்க் குடம் எடுத்துப் போய்விட்டு வந்தால் தொடை கனக்கிறது, ஆடுசதை பிடித்துக்கொள்கிறது என்கிறார்.

நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பியிடம் இதைச் சொன்னேன். வயதாக ஆக செல்லுக்குச் சக்தி குறையும், கோஎன்சைம் க்யூ 10 (சுருக்கமாக க்யூ 10) நல்ல ஆன்டி ஆக்சிடன்ட், முதுமையைத் தள்ளிப்போடும் என்று சொல்லி, ஊருக்கு வந்த நண்பர் மூலமாக ஒரு பாட்டில் அனுப்பிவிட்டான். அறுபது காப்ஸ்யூல், 40 டாலர். லேபிளில் 'யுபிகுவினால் 100 மி.கி.' என்று இருக்கிறது. எங்கள் டாக்டரிடம் காட்டினேன். "கொடுக்கலாம், கெடுதல் இல்லை" என்றார். அதற்கு மேல் கேட்க வெளியே கூட்டம் விடவில்லை.

தீர்ந்தால் இங்கேயே வாங்கிக்கொள்ளலாமே என்று மருந்துக்கடையில் கேட்டேன். அவர்கள் கொடுத்தது க்யூ 10 இன் இன்னொரு ரூபமான யுபிகுவினோன் 100 மி.கி. பத்து உள்ள பட்டை 320 ரூபாய். தம்பி அனுப்பியதில் ஒன்றின் விலைக்கு இதில் கிட்டத்தட்ட இரண்டு வாங்கலாம். யூடியூபில் ஒருவர், 40 வயதுக்கு மேல் உடம்பால் யுபிகுவினோனை யுபிகுவினாலாக மாற்றிக்கொள்ள முடியாது, அது காசைக் கரியாக்கும் வேலை என்கிறார். இன்னொருவர், யுபிகுவினால் காற்றுப் பட்டாலே கெட்டுவிடும், இந்திய வெயிலுக்குத் தாங்காது என்கிறார்.

சந்தேகம் தாங்காமல் இரண்டிலும் ஒன்றை எடுத்து பிளேடால் கீறிப் பார்த்தேன். கடையில் வாங்கியதில் நல்ல ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் விழுது. தம்பி அனுப்பியதில் வெண்ணெய் மாதிரி வெளுத்த விழுது. ஒரு சில்வர் தட்டில் அப்படியே விட்டிருந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அந்த வெள்ளை விழுதின் ஓரமெல்லாம் மஞ்சள் தட்டியிருந்தது. அப்படியென்றால் கெட்டுப்போய்விட்டதா? அம்மாவுக்கு எதைக் கொடுப்பது? மருந்து தெரிந்தவர்கள் யாராவது விவரமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.


செந்தில், ஓசூர்:

அக்கா, யோசிக்காமல் யுபிகுவினாலே கொடுங்கள். எனக்கு 46 வயது, ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் முன்பெல்லாம் பிணம் மாதிரி கிடப்பேன். இதை எடுக்க ஆரம்பித்த ஒரு மாதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. உடம்பு அப்படியே பயன்படுத்துகிற ரூபம் அதுதான், மற்றதை உடம்பு மாற்றிக்கொள்ள வேண்டும். விலை கூடுதல்தான். அம்மா விஷயத்தில் விலை பார்க்காதீர்கள்.


வள்ளியம்மை, காரைக்குடி:

மலர், முப்பது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில். பொங்கல் கழிந்தால் பெரியவர்கள் மஞ்சப்பையில் பாட்டில்களைப் போட்டுக்கொண்டு வந்து, "ஆச்சி, இதுல எது எதுக்கு?" என்று கேட்பார்கள். அந்தப் பையில் இந்த க்யூ 10 இல்லாமல் இருக்காது. அதனால் இதைப் பற்றிப் படித்துவைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. எந்த ரூபம் நல்லது என்பது ஒன்று. அம்மாவின் கால் வலிக்கு இது பலன் தருமா என்பது இன்னொன்று. கால் வலியை முதலில் பேசிவிடுகிறேன், அதுதான் அவசரம்.

அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குத் தசை வலி வரும். நம் உடம்பு கொழுப்பைத் தயாரிக்கிற அதே பாதையில்தான் க்யூ 10 தயாரிப்பும் நடக்கிறது. அந்தப் பாதையின் தொடக்கத்திலேயே ஸ்டாட்டின் (அட்டோர்வாஸ்டாட்டின் இந்த வகை மருந்துதான்) கதவை அடைக்கிறது. அதனால் கொழுப்போடு சேர்ந்து இரத்தத்தில் க்யூ 10 அளவும் இறங்கும். இது நிஜம். அப்படியானால் வெளியிலிருந்து க்யூ 10 கொடுத்தால் வலி போய்விடும் என்று நினைப்பது இயல்புதான். செய்து பார்த்தும் இருக்கிறார்கள். 2015 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஸ்டாட்டினால் தசை வலி வந்ததாகச் சொன்ன 120 பேரை எடுத்து, எது எது என்று யாருக்கும் தெரியாமல் நிஜ ஸ்டாட்டின் மாத்திரையையும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். நிஜமாகவே ஸ்டாட்டினால் மட்டும் வலி வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அவர்களுக்கு யுபிகுவினால் தினம் 600 மி.கி. கொடுத்தார்கள். உங்கள் தம்பி அனுப்பியதைப் போல ஆறு மடங்கு. இரத்தத்தில் அளவு நன்றாக ஏறியது, வலி குறையவில்லை. வேறு சில சிறிய ஆய்வுகளில் குறைந்ததாகவும் வந்திருக்கிறது. ஆக, க்யூ 10 கொடுத்துவிட்டோம், வலி போய்விடும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது மூன்று சோதனை கேளுங்கள்: சி.கே. என்கிற தசை நொதி, தைராய்டுக்கு டி.எஸ்.எச்., அப்புறம் வைட்டமின் டி. தைராய்டு குறைவாக இருந்தாலே தசை வலிக்கும், கொழுப்பும் ஏறும். ஸ்டாட்டின் அதன் மேல் சேர்ந்தால் வலி இன்னும் கூடும். அறுபது தாண்டிய பெண்களில் இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது, எவ்வளவு பேருக்குத் தெரியாமலே இருக்கிறது என்பதைக் கடையில் உட்கார்ந்து பார்க்கிறவள் நான். ஒருவேளை வலி திடீரென்று தாங்க முடியாமல் போனாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்படி எதுவும் இல்லாதபோது ஸ்டாட்டினை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதை எழுதியவரே மாத்தட்டும், இல்லை அளவைக் குறைக்கட்டும்.

இனி ரூபத்துக்கு வருகிறேன்.

இரண்டும் ஒரே பொருள்தான். யுபிகுவினோன் இரண்டு எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டால் யுபிகுவினால். அதைக் கொடுத்துவிட்டால் மறுபடி யுபிகுவினோன். செல்லுக்குச் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதிக்குள் இதன் வேலையே இந்த வாங்குவதும் கொடுப்பதும்தான். ஒவ்வொரு செல்லிலும் ஓயாமல் நடக்கிறது, 68 வயது உடம்பிலும் நடக்கிறது. நடக்கவில்லை என்றால் மூச்சு இருக்காது. யுபிகுவினோனைச் சாப்பிட்டாலும், குடலைத் தாண்டி இரத்தத்துக்கு வந்தபின் பார்த்தால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் யுபிகுவினாலாகத்தான் இருக்கும். 40 வயதுக்கு மேல் மாற்ற முடியாது என்று வீடியோவில் சொல்கிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பொருளை 1957 இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் கிரேன் என்பவர் மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்தார். ஜப்பானில் 1974 இல் இதயச் செயலிழப்புக்கு மருந்தாகவே அனுமதித்தார்கள். அது யுபிகுவினோன். காற்றில் மாறிப்போகாத மாதிரி யுபிகுவினாலைக் கடைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் கனேகா நிறுவனம். அது 2006 வாக்கில்தான் நடந்தது. ஆகவே 'க்யூ 10 இதயத்துக்கு நல்லது' என்று யாராவது சொன்னால், அவர்கள் காட்டுகிற பெரிய ஆய்வுகளெல்லாம் யுபிகுவினோனை வைத்துச் செய்தவை. 2014 இல் வெளியான க்யூ-சிம்பியோ ஆய்வில் இதயம் பலவீனமான 420 பேருக்கு, வழக்கமான மருந்துகளோடு சேர்த்து, வேளைக்கு 100 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை இரண்டு வருடம் கொடுத்தார்கள். இதய நோய் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போவது, இறப்பது போன்ற பெரிய பாதிப்பு வெற்று மாத்திரைக்காரர்களில் 26 சதவீதம், க்யூ 10 எடுத்தவர்களில் 15 சதவீதம். கொடுத்தது யுபிகுவினோன். அதைப் போய்க் காசைக் கரியாக்கும் வேலை என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

யுபிகுவினாலுக்கு ஆதரவாகவும் விஷயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2018 இல் வயதான ஆண்கள் பத்துப் பேருக்கு இரண்டையும் தினம் 200 மி.கி. வீதம் இரண்டிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்ததில், இரத்த அளவை ஏற்றியது யுபிகுவினால்தான். ஆனால் ஆன்டி ஆக்சிடன்ட் என்ற பெயரில் விற்கிறார்களே, அந்த ஆக்சிஜனேற்றத்தால் செல்களுக்கு வரும் சேதத்தைக் காட்டும் அளவுகளில் ஒரு மாற்றமும் இல்லை. எண்ணிக்கையும் பத்தே பேர். அதனால் அதை வைத்து நான் இரட்டை விலை கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

என்னைக் கேட்டால், எந்த ரூபம் என்பதைவிடப் பெரிய விஷயம் அது எண்ணெயில் எப்படிக் கரைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். க்யூ 10 தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அது போதாதென்று, தனியாக இருக்கும்போது படிகமாக இறுகிக்கொள்ளும். அந்தப் படிகம் உருக 50 டிகிரிக்குக் கிட்டச் சூடு வேண்டும். நம் உடம்பு 37 டிகிரி. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்குமே, அதே மாதிரி இது குடலுக்குள் உறைந்தபடியே நிற்கும். உறைந்தது குடல் சுவரைத் தாண்டாது, அப்படியே வெளியே போய்விடும்.

2019 இல் ஸ்பெயினில் ஓர் ஆய்வு. ஆரோக்கியமான இளைஞர்கள் 14 பேருக்கு, ஏழு விதமான 100 மி.கி. தயாரிப்புகளை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்து இரத்தத்தைப் பார்த்தார்கள். முதலில் வந்தது எது தெரியுமா? படிகம் உடையும்படி சூடேற்றிப் பக்குவப்படுத்தி எண்ணெயில் கரைத்த யுபிகுவினோன் சாஃப்ட்ஜெல் (எண்ணெய் அடைத்த மென்மையான காப்ஸ்யூல்). யுபிகுவினால் அதற்கு அடுத்தது. அந்த முதலிடத்துத் தயாரிப்பையே அந்தச் சூட்டுப் பக்குவம் செய்யாமல் கொடுத்தபோது, உடம்பில் சேர்ந்தது நான்கில் ஒரு பங்காக விழுந்துவிட்டது. பொருள் அதே, அளவு அதே, எண்ணெயும் அதே. இன்னொன்றும் கவனித்தார்கள்: ஒரே காப்ஸ்யூல் ஒருவருக்கு நன்றாக ஏறுகிறது, பக்கத்தில் இருப்பவருக்கு ஏறவே இல்லை. ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம்.

இதனால்தான் கடைக்கு வருகிறவர்களிடம் உலர்ந்த மாத்திரையும் பொடி அடைத்த காப்ஸ்யூலும் வேண்டாம் என்கிறேன். பட்டையை ஆட்டிப் பார்த்தால் சலசலவென்று பொடி ஓடும், சிலதில் மஞ்சள் தூள் ஓரத்தில் கசிந்திருக்கும். நீங்கள் கீறிப் பார்த்ததில் ஆரஞ்சு நிற எண்ணெய் விழுது இருந்தது என்கிறீர்கள், அது நல்ல அறிகுறி. அதற்குள் படிகம் எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, பரிசோதனைச் சாலையில்தான் சொல்ல முடியும். ஆனாலும் உலர்ந்த பொடியைவிட இது எவ்வளவோ மேல்.

எந்த ரூபமாக இருந்தாலும் வெறும் வயிற்றில் தராதீர்கள். மதியச் சாப்பாட்டின் நடுவில் கொடுங்கள். பருப்பும் நெய்யும் பிசைந்து சாப்பிடுகிற அந்த நேரம் ரொம்பப் பொருத்தம். காலையில் கஞ்சியோ ஓட்ஸோ குடித்துவிட்டு மாத்திரைகளை மொத்தமாக விழுங்குகிற பழக்கம் இருந்தால், இதை மட்டும் அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்துவிடுங்கள். இரவிலும் வேண்டாம், சிலருக்குத் தூக்கம் கெடும். டாக்டர் 200 மி.கி. சொன்னால் மதியம் 100, மாலைப் பலகாரத்தோடு 100 என்று பிரித்துக் கொடுங்கள். ஒரே வாயாகக் கொடுத்தால் சேருவது குறையும்.

உங்கள் தட்டில் மஞ்சள் தட்டியதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வெள்ளையான யுபிகுவினால் காற்றில் எலெக்ட்ரானை இழந்தால் மஞ்சளான யுபிகுவினோன் ஆகிவிடும். அது விஷமில்லை, கடையில் 320 ரூபாய்க்கு விற்கிறதே, அந்தப் பொருள்தான். அதனால் பாட்டிலில் இருப்பதைத் தாராளமாகக் கொடுத்து முடியுங்கள். வெயில் படாத அலமாரியில் வையுங்கள், மூடியை உடனுக்குடன் இறுக்குங்கள். தீர்ந்தபிறகு இங்கே கிடைக்கிற எண்ணெய் யுபிகுவினோன் போதும். தம்பியை இன்னொரு பாட்டில் வாங்க வைக்க வேண்டாம்.

முதுமையைத் தள்ளிப்போடும் என்ற பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயது ஏற ஏறத் திசுக்களில் க்யூ 10 குறைகிறது, இதயத்தில் நன்றாகவே குறைகிறது. ஆனால் குறைந்ததைத் திரும்பக் கொடுத்தால் ஆயுள் கூடும் என்று நிரூபணம் ஆகவில்லை. பலரும் காட்டுவது ஸ்வீடனில் நடந்த கிசெல்-10 ஆய்வை. 70 முதல் 88 வயது வரை உள்ள 443 பேர், நான்கு வருடம், தினம் க்யூ 10 200 மி.கி., கூடவே செலினியம் 200 மைக்ரோகிராம். இதய நோயால் இறந்தவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களில் 12.6 சதவீதம், இவற்றை எடுத்தவர்களில் 5.9 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டையும் சேர்த்தே கொடுத்ததால் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. ஸ்வீடன் மண்ணில் செலினியம் குறைவு, அங்கே அதைக் கொடுத்ததற்கு அர்த்தம் இருக்கிறது. நம் நாட்டில் பஞ்சாபின் சில பகுதிகளில் மண்ணில் அது மிஞ்சிப்போய் முடி கொட்டி நகம் உடைகிற நிலைமை. அந்த ஆய்வைப் படித்துவிட்டு செலினியத்தையும் வாங்கி அம்மாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.


ராஜா முகமது, நாகூர்:

ஆச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், இது உயிர் விஷயம். வாப்பாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறார். மாதாமாதம் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண், குறைந்தால் சீக்கிரம் உறையும்) பார்ப்போம், எப்போதும் 2.5 முதல் 3 வரைக்குள் நிற்கும். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த க்யூ 10 ஐ, சத்து மாத்திரைதானே என்று யாரிடமும் சொல்லாமல் வாப்பா சாப்பிட்டு வந்திருக்கிறார். அந்த மாதம் ஐ.என்.ஆர். 1.7. சாப்பாட்டில் கீரை கூடியதா, மாத்திரை விட்டுப்போனதா என்று டாக்டர் குடைந்து குடைந்து கேட்டபிறகுதான் தலையணைக்கு அடியிலிருந்து பாட்டில் வந்தது. க்யூ 10 இன் அமைப்பு வைட்டமின் கே போல இருப்பதால் சிலருக்கு வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கலாம் என்றார். நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தபோது பழைய அளவுக்கு வந்தது. எல்லோருக்கும் இப்படி ஆகாது என்றும் சொன்னார். ஆனால் வால்வில் ஒரு கட்டி உறைந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். வீட்டில் வார்ஃபரினோ அதே வகையான அசினோகூமராலோ எடுக்கிறவர்கள் இருந்தால், எந்த ரூபமாக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.


வள்ளியம்மை, காரைக்குடி:

ராஜா தம்பி சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய அளவுக்கு முக்கியம். புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கிறவர்களையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மருந்துகளில் சில வேலை செய்வதே ஆக்சிஜனேற்றத்தை வைத்துத்தான், அந்தச் சமயத்தில் ஆன்டி ஆக்சிடன்ட் எதையும் தன்னிஷ்டத்துக்கு எடுக்கக் கூடாது. வாப்பாவுக்கு என் சலாம் சொல்லுங்கள் தம்பி.


மலர்விழி, திருப்பூர்:

ஆச்சி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு வார்ஃபரின் எதுவும் இல்லை, பட்டைகளை எல்லாம் எடுத்து ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டேன். மூன்று சோதனையையும் ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை டாக்டர்.

இன்னும் இரண்டு சந்தேகம். அம்மா சுத்த சைவம். மாட்டு இதயத்திலிருந்து எடுத்தது என்று நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன், உடனே முகம் மாறிவிட்டது. இப்போதும் அப்படித்தான் எடுக்கிறார்களா? அப்புறம், காப்ஸ்யூலே வேண்டாம், எள்ளும் கடலையுமாகச் சாப்பாட்டிலேயே சரிக்கட்டலாமே என்கிறார். முடியுமா?


செந்தில், ஓசூர்:

ஆச்சி, நானும் ஒன்று கேட்கிறேன். நான் எடுப்பதை நிறுத்தச் சொல்கிறீர்களா? மைட்டோக்யூ என்று இன்னொரு ரூபம் வந்திருக்கிறதாம், அது இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள். விலை இதைவிட அதிகம்.


வள்ளியம்மை, காரைக்குடி:

மலர், அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள், மாட்டு இதயம் 1957 ஆம் வருடக் கதை. இப்போது சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி ஈஸ்ட் மாதிரியான நுண்ணுயிரை நொதிக்க வைத்து எடுப்பது. இட்லி மாவு புளிக்கிறதைச் சாப்பிடுகிற நமக்கு அதில் தீட்டு ஒன்றும் இல்லை. சைவக்காரர்கள் பார்க்க வேண்டியது மேலே இருக்கிற உறையைத்தான். சாஃப்ட்ஜெல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், அது மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோலிலிருந்து வருவது. இந்தியத் தயாரிப்பாக இருந்தால் அட்டையில் பச்சைப் புள்ளியா பழுப்பு முக்கோணமா என்று பாருங்கள். அதே இடத்தில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கத்தில் இருக்க வேண்டும், இது சத்துணவு, மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்ற வரியும் இருக்க வேண்டும். அமெரிக்கப் பாட்டிலில் இந்தப் புள்ளியெல்லாம் இருக்காது, உட்பொருள் பட்டியலில் ஜெலட்டின் என்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அம்மாவிடம் மறைக்காதீர்கள். நம்பிக்கையை மீறி அவர் வாயில் ஒன்றைப் போடுகிற அளவுக்கு இது அத்தியாவசியமான மருந்து இல்லை. செல்லுலோஸ் உறையில் எண்ணெய் அடைத்தும் சிலர் விற்கிறார்கள். கிடைத்தால் அதை வாங்குங்கள்.

சாப்பாடு பற்றி. நாம் தினம் சாப்பிடுகிற உணவிலிருந்து கிடைக்கிற க்யூ 10 மூன்று முதல் ஆறு மில்லிகிராம். நிலக்கடலையிலும் எள்ளிலும் நூறு கிராமுக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் இருக்கும். அசைவத்தில் மத்தி, அயிலை, கோழியில் இருக்கிறது, அம்மாவுக்கு அது ஆகாது. 100 மி.கி. வேண்டுமென்றால் ஒரே நாளில் நான்கு கிலோவுக்குக் கிட்டக் கடலை தின்ன வேண்டும். ஆக, காப்ஸ்யூல் அளவைச் சாப்பாட்டால் எட்ட முடியாது. ஆனால் அம்மா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது மலர். உடம்பே இதைத் தயாரித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வந்தே தீர வேண்டிய வைட்டமின் இல்லை இது. அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அந்தப் பணத்தை மூன்று சோதனைக்கு வையுங்கள். அறுபத்தெட்டு வயதில் தொடைக்குப் பலம் வேண்டுமென்றால் பயறும் சுண்டலும் தயிருமாகப் புரதம் கூட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கிற பயிற்சியும் வேண்டும். குடம் தூக்கி மாடி ஏறுவதைச் சோதனை முடிவு வரும்வரை நீங்கள் செய்யுங்கள்.

செந்தில், உங்களை நிறுத்து என்றும் சொல்ல மாட்டேன், எடு என்றும் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெம்பு வந்ததை நான் நம்புகிறேன். அது காப்ஸ்யூலால் வந்ததா, ஆரம்பித்த அதே மாதத்தில் தூக்கமும் சாப்பாடும் ஒழுங்கானதால் வந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: இந்தப் பாட்டில் தீர்ந்ததும் ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். உடம்பிலிருந்து இது இறங்க ஓரிரு வாரம் போதும். அந்த மாதமும் தெம்பாகவே இருந்தால் காசு மிச்சம். களைப்பு திரும்ப வந்தால் அப்போதும் நேரே கடைக்குப் போகாதீர்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பாருங்கள். குறட்டை விடுகிறவராக இருந்தால் தூக்கத்தில் மூச்சு அடைக்கிறதா என்று வீட்டில் கவனிக்கச் சொல்லுங்கள். நைட் ஷிஃப்ட் பார்க்கிற 46 வயதுக்காரருக்குக் களைப்பு வந்தால் பார்க்க வேண்டியவை இவை.

மைட்டோக்யூ என்பது க்யூ 10 இன் தலைப்பகுதி மாதிரியான ஒன்றோடு நேர்மின்னேற்றம் உள்ள ஒரு வாலை ஒட்டியது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் எதிர்மின்னேற்றம் என்பதால் அது நேராக உள்ளே இழுத்துக்கொள்ளப்படும். யோசனை நல்ல யோசனை. 2018 இல் 60 வயதுக்கு மேற்பட்ட 20 பேருக்கு ஆறு வாரம் கொடுத்ததில் இரத்தக் குழாய் விரிகிற தன்மை மேம்பட்டது என்று வந்திருக்கிறது. இருபது பேர், ஆறு வாரம். இதய நோய் குறைந்ததா, ஆயுள் கூடியதா என்றெல்லாம் பார்க்கிற அளவு ஆய்வு இல்லை அது. ஜிம்மில் சொல்கிறவர்களுக்கு ஃபின்லாந்தில் நடந்து 1994 இல் முடிவு வெளியான ஆய்வையும் சொல்லுங்கள். புகை பிடிக்கிற 29,133 ஆண்களுக்கு வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் கொடுத்துப் புற்றுநோயைத் தடுக்கலாம் என்று ஆரம்பித்தார்கள். பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடித்தான் போனது. அதுவும் ஆன்டி ஆக்சிடன்ட்தான், அதையும் எல்லோரும் நல்லது என்றுதான் நம்பினார்கள். க்யூ 10 அப்படிக் கெடுதல் செய்ததாக எதுவும் வரவில்லை, வயிற்றுப் புரட்டல், பேதி, தூக்கக் குறைவு அளவோடு நிற்கிறது. ஆனாலும் புது ரூபம், கூடுதல் விலை என்பதற்காகவே ஒன்றின் பின்னால் ஓடாதீர்கள்.

மலர், செவ்வாய்க்கிழமை போகும்போது அம்மா சாப்பிடுகிற எல்லாப் பட்டையையும், இந்தப் பாட்டிலையும் சேர்த்து ஒரே பையில் எடுத்துப் போங்கள். நாட்டு மருந்துப் பொடி ஏதாவது இருந்தால் அதையும். சோதனை முடிவு வந்ததும் சி.கே., டி.எஸ்.எச். எண்களை இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.